வரிசையில் ஒரு மஞ்சள் டின்

பேபியின் டின்னுக்கு முன்னால் ஒரு டின் கூடுதலாக நின்றது.

பன்னிரண்டரை மணிக்கு அவள் டின்னை வைத்தபோது முன்னால் ஒன்பதுதான். எண்ணித்தான் வைத்தாள், எண்ணாமல் வைக்கிறவள் இல்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் பத்து. எவளோ நடுவில் சொருகியிருக்கிறாள். பேபிக்குச் சுர்ரென்று ஏறியது. எவளென்று கேட்டு, அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை விடலாம் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிட்டே போனவள், அந்த டின்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

மஞ்சள் நிற வனஸ்பதி டின். கம்பியை வளைத்துப் போட்ட கைப்பிடி. கையை அறுக்காமல் இருக்க அதில் பச்சைப் புடவைக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தது. குப்பம்மாவின் டின்.

குப்பம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு எதிர்ப்புறம், இரண்டு வரிசைக் கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கிற மார்க்கெட் கட்டடம் அது. துணிக்கடை, பாத்திரக்கடை, வளையல் கடை, மாவு மெஷின், கோடியில் திருவேங்கடத்தின் மண்ணெண்ணெய்க் கடை. எழுபத்து நாலாம் வருஷத்துத் தட்டுப்பாடு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் எண்ணெய் ஊற்றுவான் அந்த மகாராசன், அதுவும் நாலு மணிக்கு மேல். ஒரு மணிக்கு எல்லாக் கடையும் பலகை போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடும். அப்புறம் மார்க்கெட் முழுக்க வெயில்தான். மாவு மெஷினின் பெல்ட் நின்றுபோய், காதில் ஒரு ரீங்காரம் மட்டும் மிச்சமிருக்கும். சிமெண்டுத் தரையிலிருந்து ஆவி மாதிரி சூடு எழும்ப, எண்ணெய் நாற்றமும் அரைத்த மிளகாயின் நெடியும் சாக்கடை காய்ந்த வாடையும் கலந்து மூக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வரிசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மூன்று மணி நேரம் வெயிலில் எவள் நிற்பாள்? டின்னை வைத்து, ரேஷன் கார்டை மடித்து அதற்குள் போட்டுவிட்டு, துணிக்கடைத் தாழ்வாரத்து நிழலில் உட்காரலாம், வீட்டுக்குப் போய் உலையும் வைத்துவிட்டு வரலாம். டின் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசை நகர்ந்தால் பின்னால் இருக்கிறவள் காலால் அதையும் தள்ளிவிட வேண்டும். ஆள் வராவிட்டால் அவள் பங்கையும் பிடித்து ஓரமாக வைக்க வேண்டும். இதை மீறினவள் அப்புறம் அந்த மார்க்கெட்டில் தலைகாட்ட முடியாது.

பேபி, குப்பம்மா, அன்னம்மாள், பொன்னம்மாள் நாலு பேரும் எட்டு வருஷமாக அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போனது குறைவு. ஆனால் எவள் வீட்டில் என்ன குழம்பு, எவன் குடித்துவிட்டு வந்தான், எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது எல்லாம் தெரியும். தீபாவளிக்கு ஒருத்தி புடவை எடுத்தால் நாலு பேரும் சேர்ந்துதான் துணிக்கடைக்காரனின் உயிரை வாங்குவார்கள்.

அந்த டின்னை யார் வைத்தது என்று பேபி கேட்டாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அன்னம்மாள் நிமிரவே இல்லை. பொன்னம்மாள் கொட்டாவி விட்டாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் பேபி அந்த டின்னை ஓங்கி ஒரு உதை விட்டாள்.

டின் அசையவில்லை. கால் கட்டைவிரல்தான் விண்ணென்று தெறித்தது. குனிந்து பார்த்தாள். உள்ளே எண்ணெய் இல்லை, மண் இல்லை, மடித்த கார்டு ஒன்று மட்டும் கிடந்தது.

அன்னம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னாடி இது. ஆளு இல்லாதப்போ அவ டின்னை ஒதைக்கிற?"

ஆள் இல்லாதபோது. என்னமோ குப்பம்மா உலை வைக்கப் போயிருக்கிற மாதிரி. நாலு மணிக்குக் கடை திறந்தது, வரிசை நகர்ந்தது. தனக்கு முன்னால் திருவேங்கடம் அந்த மஞ்சள் டின்னில் புனலைச் சொருகியதை அவள் கண்ணால் பார்த்தாள். தன் கார்டை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தால் டின் இல்லை. தரையில் வட்டமாக ஒரு கரி அடையாளம் மட்டும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேபி தனக்குள்ளேயே கத்திக்கொண்டு போனாள். செத்தும் இவளுக்கு இடம் பிடிக்க வேண்டுமா? யார் செய்கிற வேலை இது? அந்தப் புருஷன்காரன் நாகப்பனாகத்தான் இருக்க வேண்டும். தன்னைப் பார்க்க வைப்பதற்கென்றே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

ஏன் தன்னை என்று கேட்டால், அதற்குப் பதில் பேபிக்கு மட்டும்தான் தெரியும்.

குப்பம்மா செத்த அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். குப்பம்மாவின் அண்ணன் மகன் பரந்தாமன் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன், நல்ல பிள்ளை. அவனுக்குத் தன் மகள் ராணியைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பேபி குப்பம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுச் சொல்றேன், கேட்டுச் சொல்றேன் என்று குப்பம்மாவும் இழுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வரிசையில் அன்னம்மாள் போட்டு உடைத்தாள்: ஞாயிற்றுக்கிழமையே திருநின்றவூரில் வேறு பெண்ணுக்குத் தட்டு மாற்றியாகிவிட்டது, தாம்பூலம் வாங்கினவள் குப்பம்மாவே. எட்டு வருஷம் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டவள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருந்தாள். பேபிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஒன்றரை மணிக்குக் குப்பம்மா எழுந்து அவள் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளுத்து, உதட்டோரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"மயக்கமா வருதுடி பேபி. பின்னாடி மோட்டார் ரூமாண்ட நெழல்ல குந்திகினு கீறேன். கொஞ்ச நேரம் பொறுத்து வந்து கூப்டு. டின்னைப் பாத்துக்கோ."

நடிப்பு என்று நினைத்தாள் பேபி. கேள்வி கேட்பேன் என்று நழுவுகிறாள், நழுவட்டும். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் கண்ணயர்ந்திருந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டவள் பேபி ஒருத்திதான்.

இரண்டு மணிச் சங்கு ஊதி, ஷிப்டு விட்டு, நாகப்பன் வந்தான். வீட்டுச் சாவி குப்பம்மாவின் முந்தானையில். அவள் எங்கே என்று கேட்டான். பேபி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"லைன்லதான் கீறா. டின்னு நிக்குதே, கண்ணு தெரில?"

அவன் பார்த்தான். மஞ்சள் டின் நின்றது. நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். நாலு மணிக்கு வரிசை நகர்ந்தபோது பேபி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த டின்னையும் காலால் தள்ளினாள், குப்பம்மாவின் பங்கையும் பிடித்துத் தூணோரம் வைத்தாள், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். ஆறு மணிக்குத் தண்ணீர் ஏற்ற வந்த மோட்டார்க்காரன் லோகநாதன்தான் குப்பம்மாவைப் பார்த்தான். நிழல் எப்போதோ நகர்ந்துபோய், முழு வெயிலில், கட்டடத்தின் பக்கமாக ஒரு கையை நீட்டியபடி கிடந்தாளாம்.

மஞ்சள் டின்னைப் பார்த்த செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பேபி நாகப்பனின் வீட்டுக்குச் சண்டைக்குப் போனாள். டின்னை வரிசையில் வைத்து யாரைப் பயமுறுத்துகிறாய் என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். நாகப்பன் கோபப்படவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு அவளை உட்காரச் சொன்னான்.

"எந்த டின்னும்மா? அன்னைக்கி நீ புடிச்சு வச்சியே கிருஷ்ணாயில், அதைத்தான் சுடுகாட்டுக்கு எடுத்துகினு போய் அவ மேல ஊத்துனோம். வெறகு ஈரம். டின்னையும் அதுலயே போட்டுட்டேன்."

திண்டாட்டமான நாளில் வேறு எண்ணெய்க்கு எங்கே போவது, நீ பிடித்து வைத்தாயோ பிழைத்தோம் என்று அவன் நன்றி வேறு சொன்னான். அப்புறம் கேட்டான். "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கி உன்னாண்ட ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாளா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் அழுது, காலில் விழுந்து, சொல்லித் தொலைத்திருக்கலாம். வெளியே அவன் மாமியார் வீட்டுச் சனம் உட்கார்ந்திருந்தது. தெரிந்தால் மார்க்கெட் முழுக்கக் காறித் துப்பும். ராணியை எவன் கட்டுவான்?

"இல்ல அண்ணாத்தே. ஒண்ணும் சொல்லல," என்றாள் பேபி.

வெள்ளிக்கிழமை மஞ்சள் டின் அவள் டின்னுக்கு முன்னாலேயே நின்றது. இந்த முறை அதன் மஞ்சள் பாதிக்கு மேல் உரிந்து, அடிப்பாகம் கரியேறி, பச்சைக் கரை பொசுங்கிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. கிட்டே போகும்போதே கணப்படுப்பு மாதிரி காந்தியது. எண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. அது என்ன வாடை என்று பேபி யோசிக்க மறுத்தாள். கோபப்பட்டாள். கோபம் இருக்கிறவரை பயம் கிட்டே வராது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

தாழ்வாரத்தில் அன்னம்மாளும் பொன்னம்மாளும் உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை. நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டிருந்தார்கள். அன்னம்மாள் வெற்றிலையைக் கிழித்து ஒரு துண்டை அந்தக் காலி இடத்தில் வைத்தாள். பொன்னம்மாள் அந்தப் பக்கம் திரும்பி, பாத்திரக்கடையில் புதிதாக வந்த எவர்சில்வர் குடத்தைப் பற்றிச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, சிரித்தாள்.

உங்களுக்கெல்லாம் பைத்தியமா பிடித்திருக்கிறது, அவள் செத்துச் சாம்பலானது தெரியாதா என்று பேபி கத்தினாள். சத்தம் மூடிய கடைகளில் மோதித் திரும்பி வந்தது. இரண்டு பேரும் பாவம் என்பது போல அவளைப் பார்த்தார்கள்.

"சாம்பலா?" என்றாள் அன்னம்மாள். "மோட்டார் ரூமாண்ட நெழல்ல குந்திகினு கீறா. கொஞ்ச நேரம் பொறுத்து வந்து கூப்டுன்னு உன்னாண்டதானே சொல்ட்டுப் போனா. நீ இன்னும் போலயா?"

பேபியின் கையிலிருந்த கார்டு கீழே விழுந்தது. அந்த வார்த்தை அவளுக்கும் செத்தவளுக்கும் நடுவில் இருந்த வார்த்தை. வேறு ஒரு உயிருக்கும் அவள் சொன்னதில்லை. டின்னை அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய் வாங்காமல், அவள் வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த மூன்று நாளும் சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்தாள். புகை கண்ணைக் கரித்தது, ராணிக்கு இருமல் வந்தது. ஏம்மா மார்க்கெட்டுக்குப் போகவில்லை என்று ராணி கேட்டதற்கு அவளைப் போட்டு அடித்தாள். அடித்த கையோடு தானே உட்கார்ந்து அழுதாள். திங்கள்கிழமை ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்குப் போவது. மோட்டார் அறைக்குப் போய்ப் பார்ப்பது. அங்கே ஒன்றும் இருக்கப்போவதில்லை. பார்த்துவிட்டு நேராக நாகப்பனிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவது. ஊர் துப்பினால் துப்பட்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். கத்திரி வெயில். அவள் டின் வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலேயே நின்றது. ஒருத்தியும் அதை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் மஞ்சள் டின்.

அன்னம்மாளும் பொன்னம்மாளும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார்கள். பேபி யாரையும் எழுப்பவில்லை. மாவு மெஷினை ஒட்டிய சந்தில் நுழைந்தாள். உமியும் தவிடும் காலுக்கடியில் நொறுங்கின. சுவரில் கை வைத்தால் சுட்டது. சந்தின் முடிவில் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் மோட்டார் அறை, அறைக்குப் பக்கத்தில் பாய் விரித்த அளவுக்கு ஒரு நிழல்.

நிழலில் யாரும் இல்லை.

பேபி மூச்சை விட்டாள். அப்புறம் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் புகையில் வெந்தது, எல்லாம் இந்த வெறும் நிழலுக்கா? பாவி, என்னிடம் மட்டும் ஏன் சொல்லிவிட்டுப் போனாய்? அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்களே, அவர்களை எழுப்பிச் சொன்னால் என்ன? தரையைக் காலால் உதைத்தாள். கல்யாணத்தையும் மறைத்தாய், சாவையும் என் தலையில் கட்டினாய் என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பு வியர்த்து, வியர்வை நின்று, தோல் காய்ந்துபோனது. காதில் அந்த ரீங்காரம். மெஷின் ஓடவில்லை. ஆனாலும் ரீங்காரம்.

முழங்கால் மடங்கியது. கொஞ்சம் உட்காரலாம். கொஞ்ச நேரம்தான். சுவரில் முதுகு சாய்ந்தது.

சந்தின் வழியாக வரிசை தெரிந்தது. இரண்டு டின்கள். ஒன்று மஞ்சள். ஒன்று அவளுடையது. அவ்வளவு நன்றாகத் தெரிந்தது.

சங்கு ஊதியது. இரண்டு மணி.

ராணி வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, கையில் சுள்ளிக் கட்டோடு. வீட்டுச் சாவி பேபியின் முந்தானையில் இருந்தது. ராணி தாழ்வாரத்தின் முன்னால் நின்று அம்மா எங்கே என்று கேட்டாள்.

கண்ணு, இங்கே இருக்கிறேன். இங்கே பார்.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. நீட்டத்தான் முடிந்தது, தரையோடு தரையாக.

அன்னம்மாள் தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள். சந்தில் அது தெளிவாகக் கேட்டது.

"லைன்லதான் கீறா. டின்னு நிக்குதே, கண்ணு தெரில?"

ராணி பார்த்தாள். டின் நின்றது. தலையாட்டினாள். போய்விட்டாள்.

நிழல் நகர்ந்தது. முதலில் அவள் கால் வெயிலுக்கு வந்தது. அப்புறம் இடுப்பு. அப்புறம் முகம்.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். புடவை சரசரத்தது. பொசுங்கின வாடை. வெற்றிலை வாடை. ஒரு கை வந்து பேபியின் மணிக்கட்டைப் பிடித்தது, எட்டு வருஷமாகப் பிடித்த மாதிரி. சூடாக. உரிந்து. உதிர்ந்து.

"இன்னாடி அவசரம். கொஞ்ச நேரம் குந்து. டின்னுதான் லைன்ல நிக்குதே."

தூரத்தில் பலகைகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நாலு மணி. வரிசை நகர்ந்தது. அன்னம்மாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு வந்து, இரண்டு டின்களையும் காலால் முன்னே தள்ளினாள். தள்ளினாள். மறுபடி தள்ளினாள். திருவேங்கடம் மஞ்சள் டின்னை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பேபியின் டின்னில் புனலைச் சொருகி, இரண்டு லிட்டர் எண்ணெயைச் சிந்தாமல் ஊற்றினான்.